பாக்ஸ் செடியை அறிதலும் வளர்த்தலும்

(மலைக்கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



காபி, வாழை, ஆரஞ்சு முதலிய பலன் தரும் பயிர்களைப் பற்றியே இக்கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமோ ஒரு வேலிச் செடி. அதில் உண்ணத்தக்க கனி இல்லை. மாலை தொடுக்கத்தக்க மலர் இல்லை. ஆடுமாடுகளுக்கும் அதன் இலை ஆகாது. இப்படிப்பட்ட செடியைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆயினும், பெயரை மட்டும் நம்பி ஒரு செடியை வாங்கி நட்டால் என்ன விளையும் என்பதை எனக்குக் கற்பித்தது இந்தச் செடிதான். ஆகையால் என் சொந்த அனுபவத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், என் ஆரஞ்சுத் தோட்டத்தின் முகப்பில் அழகான குட்டை வேலி ஒன்று அமைக்க விரும்பினேன். எக்காலத்தும் பசுமையாக இருக்கும், கத்தரித்தால் சுவர் போல நிற்கும், "பாக்ஸ்" என்று அதற்குப் பெயர் என்று சொல்லி ஒரு நாற்றுப்பண்ணையார் ஐம்பது செடிகளைக் கொடுத்தார். இலைகள் சிறியனவாய், பளபளப்பாய் இருந்தன. நட்டேன், நன்றாக வளர்ந்தன. இரண்டாம் வருஷம் மழைக்குப் பின் அவை பூத்தன. வெண்மையான பூ, மல்லிகையை ஒத்த வாசனை, பிறகு சிவந்த சிறு கனிகள். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். தாவர சாஸ்திரம் பயின்ற ஒரு நண்பர் மட்டும் மெச்சவில்லை. "இது பாக்ஸ் அன்று, காமினி. எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் உறவான செடி. இதை ஆரஞ்சு மரத்தின் பக்கத்திலா வைத்தீர்கள்?" என்றார்.

அவர் கேட்டதன் பொருளை அவரே விளக்கினார். ஆரஞ்சு, எலுமிச்சை, நாரத்தை ஆகிய ஜாதி மரங்களை மெலியச் செய்து, காய்களைக் கோணலாக்கி, நாளடைவில் மரத்தையே கொல்லும் பச்சையாதல் என்ற நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியா என்னும் கிருமி. அதை மரத்திற்கு மரம் கொண்டுசெல்வது ஸில்லிட் என்னும் மிகச் சிறிய பூச்சி. துளிர்களின்மேல் பின்பாகத்தை உயரத் தூக்கிக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அப்பூச்சி மிகவும் விரும்பி முட்டையிட்டுப் பெருகும் செடிகளில் காமினியும் ஒன்று. நாம் குழம்பிலே போடும் கறிவேப்பிலையும் அதற்கு உணவே. நண்பர் ஒரு துளிரை மடக்கிக் காட்டியபோது, மெழுகு போன்ற வெண்ணிற இழைகளோடு மஞ்சள் நிறக் குஞ்சுகள் அங்கே இருந்ததை நானே கண்டேன். என் தோட்டத்திற்கு அப்பூச்சி அந்த வேலியால்தான் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. அதற்கு விருந்து வைத்து வளர்த்தவன் நான் என்பதில் சந்தேகமில்லை. மறு வாரமே ஐம்பது செடிகளையும் வேரோடு பிடுங்கினேன்.

நாற்றுப்பண்ணையாரிடம் குறை சொன்னபோது, "இதற்கும் பாக்ஸ் என்றுதான் பெயர்" என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யும் அன்று. காமினிக்குச் "சீன பாக்ஸ்" என்ற பெயர் ஆங்கிலத்தில் வழங்குகிறது. ஒரு பெயர் பல செடிகளுக்கு. ஒரு செடிக்குப் பல பெயர்கள். செடியை அதன் உறுப்புகளைக் கொண்டு அறிய வேண்டுமேயன்றி, பெயரைக் கொண்டு அறியலாகாது. இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

உண்மையான பாக்ஸ்

உண்மையான பாக்ஸ் செடியின் சாஸ்திரப் பெயர் புக்ஸஸ் செம்பர்வைரன்ஸ். பின்னுள்ள சொல்லுக்கு என்றும் பசுமையானது என்று பொருள். இங்கிலாந்தின் தென்பகுதி முதல் மொராக்கோவின் வடபகுதி வரையிலும், கிழக்கே துருக்கி வரையிலும் இது இயற்கையாக வளர்கிறது. இங்கிலாந்தில் சர்ரே ஜில்லாவில் இதன் பெயராலேயே பாக்ஸ் ஹில் என்று ஒரு குன்று உண்டு. கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றின் கரையோர மலைகளில் இதற்கு மிக நெருங்கிய இனங்கள் காடாகவே வளர்ந்திருந்தன. புக்ஸஸ் என்ற குலத்தில் 70-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவை மிகுதியாக இருப்பது கியூபாத் தீவில்.

நம் தேசத்திலும் இதற்கு ஒரு சகோதர இனம் உண்டு. மேற்கு இமயமலைச் சரிவுகளில் வளரும் அதனைப் புக்ஸஸ் வாலிச்சியானா என்பர். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த நதானியேல் வாலிச் என்பவரின் பெயரைக் கொண்டது அது. அதன் இலை ஐரோப்பிய இனத்தின் இலையைவிடச் சற்று நீண்டும் ஒடுங்கியும் இருக்கும். ஜம்மு பிரதேசத்தில் அதன் மரத்தைச் சிக்ரி என்று அழைக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன். தென்னாட்டு மலைகளில் புக்ஸஸ் இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த சார்க்கோகாக்கா என்னும் புதர்ச் செடி நமது மேற்கு மலைச் சோலைகளில் உண்டு. அதன் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி அமைந்திருக்கும், கனி சதைப்பற்றுள்ளது. பாக்ஸோ அப்படி அன்று.

அடையாளம் காணும் நான்கு கேள்விகள்

ஒரு செடியைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேளுங்கள். அதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. கண்ணும் விரலும் போதும்.

முதற்கேள்வி: இலைகள் எதிர் எதிராக ஜோடியாக நிற்கின்றனவா? பாக்ஸ் செடியில் தண்டின் ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். இங்கேதான் நான் ஏமாந்தேன். காமினியின் இலை உண்மையில் கறிவேப்பிலையைப் போன்ற கூட்டிலை. ஒரு காம்பில் பல சிற்றிலைகள் உண்டு. சிற்றிலை ஒவ்வொன்றையும் தனி இலை என்று நான் எண்ணிவிட்டேன். இலை எது, சிற்றிலை எது என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் கக்கத்தில் மொட்டு இராது. மொட்டைத் தேடிப் பார்த்திருந்தால் ஐம்பது செடிகளின் விலை எனக்கு மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் கேள்வி: இலையின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா? பாக்ஸ் இலை அரை அங்குலம் முதல் ஓர் அங்குலத்திற்குச் சற்று மேல் வரை நீளமுள்ளது, முட்டை வடிவம், மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளிறிய பச்சை. நுனியில் பெரும்பாலும் ஒரு சிறு பிளவு காணும். விளிம்பில் பற்கள் இரா. விரலால் தடவினால் தோல் போலத் தடித்திருக்கும்.

மூன்றாம் கேள்வி: இளந்தண்டு சதுரமாக இருக்கிறதா? பாக்ஸின் இளங்கிளையை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். நான்கு மூலைகள் விரலில் தட்டுப்படும்.

நான்காம் கேள்வி: காய் எப்படிப்பட்டது? பாக்ஸ் பூவுக்கு இதழ்களே இல்லை. இலைக் கக்கங்களில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் சிறு கொத்தாக இருக்கும். கொத்தின் உச்சியில் ஒரு பெண் பூவும் அதைச் சூழ ஆண் பூக்களும் இருக்கும். காய் உலர்ந்த சிமிழ் போன்றது. அதன் தலையில் மூன்று கொம்புகள் நிமிர்ந்து நிற்பதால், முக்காலியைக் கவிழ்த்து வைத்தாற்போலத் தோன்றும். உள்ளே மூன்று அறைகள். அறைக்கு இரண்டு கரிய பளபளப்பான விதைகள். முற்றியதும் வெடித்து விதைகளைத் தூர எறியும். சதைக்கனி எதையாவது கண்டால் அது பாக்ஸ் அன்று என்று உடனே தீர்மானித்துவிடலாம்.

இந்த நான்கிலும் தேறுவது உண்மையான பாக்ஸ். போலிச் செடிகள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு கேள்வியில் தவறிவிடும். ஜப்பான் ஹாலி என்ற செடி பார்வைக்கு அப்படியே பாக்ஸ்தான். ஆனால் அதன் இலைகள் மாறி மாறி நிற்பவை. விளிம்பில் நுண்ணிய பற்கள் உண்டு. கனியோ கரிய உருண்டை. ஆகவே முதற்கேள்வியிலேயே தோற்கும். சிற்றிலை யுவானிமஸ் முதற்கேள்வியில் தேறும். விளிம்பிலுள்ள பற்களால் இரண்டாவதில் அகப்படும். லொனிசெரா நைட்டிடா என்ற செடி இரண்டு கேள்விகளிலும் தேறிவிடும். அதன் தண்டு உருண்டையானது; அதில் மெல்லிய ரோமம் உண்டு; மேலும் அது சாட்டைபோல நீண்ட கிளைகளை வெகு வேகமாக விடும். பாக்ஸ் ஒருநாளும் அவசரப்படுவதில்லை.

பூவும் காயும் இல்லாத இளநாற்றுகளுக்கு நான்காம் கேள்வி பயன்படாது. முதல் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்டால் அதுவே பெரும்பாலும் போதும்.

மரத்தின் மதிப்பு

இவ்வளவு சிறிய புதருக்கு உலகத்தில் ஏன் இத்தனை கௌரவம் என்று கேட்பீர்கள். அதன் மரமே காரணம். மஞ்சள் நிறம், ஒரே சீரான நுண்ணிய இழை, மிகுந்த கனம். பச்சை மரத்துண்டு தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். பண்டைய கிரேக்கர் இம்மரத்தில் சிமிழ்கள் கடைந்தனர். பெட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பாக்ஸ் என்ற சொல் இம்மரத்தின் பெயரிலிருந்து பிறந்ததே.

இங்கிலாந்தில் தாமஸ் பெவிக் என்ற சித்திரக்காரர் (1753–1828) இம்மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த முகப்பில் உளியால் நுட்பமாகச் செதுக்கிச் சித்திரக் கட்டைகள் செய்தார். அவற்றை ஈய எழுத்துக்களோடு சேர்த்தே அச்சிடலாம். ஆகவே புஸ்தகங்களிலும் பத்திரிகைகளிலும் படங்கள் மலிந்தன. 1842-ல் ஆரம்பித்த லண்டன் சித்திரப் பத்திரிகை முதலியவற்றிற்கு இம்மரம் ஏராளமாக வேண்டியிருந்தது. அடிமரம் மெல்லியதாகையால் பல சிறு துண்டுகளை ஒட்டவைத்தே பெரிய படங்களுக்குக் கட்டை தயாரித்தார்கள். அளவுகோல், புல்லாங்குழல், சதுரங்கக் காய், நெசவாலை நாடா ஆகியவையும் இதில் செய்யப்பட்டன. கருங்கடற்கரைக் காடுகளில் வெட்டிய மரங்கள் கப்பல் கப்பலாகச் சென்றன. ஓர் ஆள் தொடையின் பருமனுக்கு அடிமரம் திரள்வதற்கு நூறு வருஷத்திற்கு மேலும் ஆகும். வெட்டும் வேகம் வளரும் வேகத்தைவிட அதிகமானால் முதல் குறையும் என்பதைக் கணக்குப் பார்க்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சிக்ரி மரத்தை நம்பியும் குடும்பங்கள் இருக்கின்றன. ஜம்முவில் ராஜௌரி ஜில்லாவைச் சேர்ந்த தன்னாமண்டி என்னும் ஊரில் சீப்பு, கரண்டி முதலியவற்றைச் சிக்ரி மரத்தில் செதுக்கும் தொழில் பரம்பரையாக நடக்கிறது. 2023-ல் ராஜௌரிச் சிக்ரி மரவேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பெயருக்குப் பாதுகாப்பு கிடைத்தது நல்லதே. மரத்திற்குப் பாதுகாப்பு இருந்தால்தான் பெயரும் நிலைக்கும். சந்தையில் மஞ்சக்கடம்பு முதலிய வேறு மரங்களில் செய்த சாமான்களையும் பாக்ஸ் மரம் என்று விற்பது உண்டு. செடியில் நேரும் பெயர்க் குழப்பம் மரத்திலும் நேருகிறது.

வளர்க்கும் முறை

பாக்ஸ் குளிர்ந்த பிரதேசத்துச் செடி. நம் சமவெளி வெயில் அதற்கு ஏற்றதன்று. உயர்ந்த மலைப்பிரதேசத்தில் இருப்பவர்களே அதை வளர்க்க முயலலாம். சமவெளியிலுள்ள உறவினர் கேட்டால், கிளுவை, நொச்சி, மருதோன்றி ஆகிய நம் பழைய வேலிச் செடிகளே அவர்களுக்கு உத்தமம் என்று சொல்லுங்கள்.

நிலம்: நீர் வடியும் நிலம் அவசியம். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் நன்றாக வளரும். மிகப் புளித்த மண்ணாயின் சிறிது சுண்ணாம்பு கலக்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். பாதி நிழலைத் தாராளமாகத் தாங்கும்.

நாற்று: விதையிலிருந்து வளர்ப்பது மிகத் தாமதம். துண்டு நடுவதே வழக்கம். அந்த வருஷத்துத் துளிர், அடிப்பாகம் சற்று முற்றியதும், மூன்று நான்கு அங்குல நீளத்தில் வெட்ட வேண்டும். ஐரோப்பாவில் இதை ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் செய்கிறார்கள். கீழ்ப்பாதி இலைகளைக் களைந்து, மணலும் மக்கிய இலையுரமும் கலந்த தொட்டியில் பாதிவரை ஊன்றி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் காக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் வேர் பிடிக்கும். ஒரு வருஷம் பொறுத்து நாற்றங்காலுக்கு மாற்றி, மேலும் இரண்டொரு வருஷம் கழித்து நிலையான இடத்தில் நடலாம்.

நடுதல்: வேலிக்குச் செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விடலாம். பாத்தி ஓரத்தில் குட்டைக்கரையாக வைப்பதாயின் நான்கு முதல் ஆறு அங்குலம் போதும். வேர்கள் மேலாகவே பரவுவதால் அடியில் ஆழமாகக் கொத்தலாகாது. மக்கிய தழையைப் பரப்பி மண்ணை மூடி வைப்பது நல்லது. தண்ணீரை அடியில் விட வேண்டும். இலைமேல் தெளித்தல் கூடாது. காரணத்தைச் சற்று நேரத்தில் கூறுவேன்.

கத்தரித்தல்: வருஷத்தில் ஒன்று அல்லது இரண்டு முறை போதும். மேகமூட்டமான, ஆனால் இலை ஈரமில்லாத நாளில் கத்தரிக்க வேண்டும். கடும் வெயிலில் கத்தரித்தால் உள்ளிலைகள் கருகும். கத்தரித்த தழையை மாட்டுக் கொட்டிலருகே போடாதீர்கள். பாக்ஸ் இலையில் விஷமுள்ள ஆல்கலாய்டுகள் உண்டு. கசப்பினால் கால்நடைகள் சாதாரணமாக அதைத் தொடுவதில்லை. பசியுள்ள மாடு மற்றத் தழையோடு சேர்த்துத் தின்றுவிட்டால் ஆபத்து.

வளர்ச்சி: சாதாரண பாக்ஸ் வருஷத்திற்கு நான்கு முதல் ஆறு அங்குலம் வளர்ந்தால் நல்ல வளர்ச்சி. குட்டை ரகமாயின் இரண்டு அங்குலமே. பாட்டன் நட்டதைப் பேரன் அனுபவிக்கும் செடி இது. குளிர்காலத்தில் வெயில்படும் பக்கத்து இலைகள் செம்புநிறம் அடைவதைக் கண்டு பயப்பட வேண்டாம்; வசந்தத்தில் பசுமை திரும்பிவிடும்.

இரண்டு பகைவர்கள்

நூறு வருஷம் வளர்ந்ததை ஒரு பருவத்தில் அழிக்கும் இரண்டு பகைவர்கள் இச்செடிக்கு உண்டு.

முதலாவது, காளான் வகையால் வரும் கருகல் நோய். இது 1990-களின் நடுவில் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. 2011-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. இலையில் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றும். இளந்தண்டில் கறுப்புக் கீற்றுகள் ஓடும். இலைகள் மளமளவென்று உதிரும். ஈரமான நாளில் இலையின் அடிப்புறத்தில் வெண்மையான வித்துக்கள் காணலாம். அவ்வித்துக்கள் பிசுபிசுப்பானவை. நீர்த்துளி தெறிப்பதாலும், கத்தரிக்கோல், கை, உடை ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டும் பரவும். உதிர்ந்த இலைகளில் சில வருஷங்கள்கூட உயிரோடு தங்கியிருக்கும். தண்ணீரை இலைமேல் தெளிக்கலாகாது என்றதும், ஈரத்தில் கத்தரிக்கலாகாது என்றதும் இதனால்தான்.

இரண்டாவது, பாக்ஸ் அந்துப்பூச்சியின் புழு. இது சீனா, ஜப்பான், கொரியா முதலிய கிழக்காசிய நாடுகளுக்குரியது. அந்துப்பூச்சியின் சிறகு வெண்மை. ஓரத்தில் பழுப்புக் கரை. புழு மஞ்சள் கலந்த பச்சை, கறுத்த தலை, உடல் நெடுகக் கறுப்புக் கோடுகள். ஒன்றரை அங்குலம் வரை வளரும். இலைகளை நூலால் பின்னிக்கொண்டு உள்ளிருந்து தின்னும். இலை தீர்ந்தால் பட்டையையும் சுரண்டித் தின்னும். பட்டை போனபின் செடி பிழைப்பதில்லை. குளிர்காலத்தில் குஞ்சுப்புழு இரண்டு இலைகளை ஒட்டி நடுவே கூடு கட்டி உறங்கும். அப்போது நாற்றைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு அது படுவதே அரிது.

இப்பூச்சி ஐரோப்பாவில் முதலில் அறியப்பட்டது 2007-ஆம் வருஷத்தை ஒட்டி, ஜெர்மனியில். அது பறந்து அவ்வளவு தூரம் வரவில்லை; நாற்றுகளோடு வந்தது. பிறகு நடந்ததை நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும்.

ருஷியாவில் கருங்கடற்கரையிலுள்ள ஸோச்சி நகரத்தில் 2014-ல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. அதற்காக நகரத்தை அழகுபடுத்த வேண்டி, 2012-ல் இத்தாலியிலிருந்து பாக்ஸ் நாற்றுகளைத் தருவித்து நட்டார்கள். அந்நாற்றுகளில் புழு இருந்தது. ஸோச்சிக்கு அருகில் கோஸ்தா என்ற இடத்தில் சுமார் 300 ஹெக்டேர் பரப்புள்ள பழமையான காடு ஒன்று, காக்கஸஸ் வனக்காப்பகத்தின் பகுதியாகப் பாதுகாக்கப்பட்டு வந்தது. யூ மரங்களும் பாக்ஸ் மரங்களும் பாசி போர்த்து அடர்ந்து நின்ற காடு அது. கோடரி உள்ளே போகாமல் காவல் இருந்தது. புழுவுக்குக் காவல் ஏது? சில வருஷங்களுக்குள் அக்காட்டின் பாக்ஸ் மரங்கள் ஏறக்குறைய முழுதும் மடிந்தன.

அதோடு நிற்கவில்லை. அடுத்த நாடாகிய ஜியார்ஜியாவின் பாக்ஸ் காடுகளிலும் புழு புகுந்தது. அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில், நம்மவர் குருத்தோலை ஏந்துவதுபோல, பாக்ஸ் கிளையை ஏந்திக் கோவிலுக்குச் செல்வது தொன்றுதொட்ட வழக்கம். அச்செடிக்கு அவர்கள் பாஷையில் 'ப்ஸா' என்று பெயர். அத்திருநாளுக்கே 'ப்ஸோபா' என்று பெயர். ஒரு ஜனங்களின் திருநாளுக்குப் பெயர் கொடுத்த செடி அவர்கள் மலைகளில் கண்ணெதிரே பட்டுப்போயிற்று. 2016-ல் ஈரானின் காஸ்பியன் கரைக்காடுகளிலும் புழு காணப்பட்டது; அங்கே கருகல் நோய் முன்னமே வந்திருந்தது. 2018-ல் கனடாவில் டொராண்டோ நகரிலும், 2021-ல் அமெரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவிற்குப் பல இடங்களில் புழுவைக் கொண்டுசேர்த்தவை கனடாவிலிருந்து விற்பனைக்கு அனுப்பிய நாற்றுகளே.

நாற்று வாங்கியவர்கள் தீய எண்ணம் உடையவர்கள் அல்லர். ஊரை அழகுபடுத்தவே விரும்பினார்கள். என் தோட்டத்து முகப்பை அழகுபடுத்த நான் விரும்பியதும் அப்படித்தான். நல்ல எண்ணம் இருந்தது, பரிசோதனை இல்லை.

சங்கம் செய்யத்தக்கவை

நம் தேசத்தில் அயல்நாட்டுச் செடிகளோடு பூச்சி வருவதைத் தடுக்க 1914-ஆம் வருஷத்திலேயே சட்டம் ஏற்பட்டது. இறக்குமதியை ஒழுங்குபடுத்தும் உத்தரவு 2003-ல் பிறப்பிக்கப்பட்டது. அனுமதியும், நோயற்றது என்ற அத்தாட்சியும் இல்லாமல் அயல்நாட்டு நாற்றைத் தருவிக்கலாகாது. யாராவது பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தால், அது பரிசு என்று எண்ணி வாங்காதீர்கள். ஆனால் சட்டம் துறைமுகத்தில்தான் நிற்கும். ஊருக்கு ஊர் போகும் நாற்றுக் கூடையைப் பார்க்க வேண்டியவர்கள் நாமே. ஆகையால் நம் சங்கத்திற்குச் சில யோசனைகள் கூறுகிறேன். இவை பாக்ஸ் செடிக்கு மட்டுமன்று. ஆரஞ்சு, காபி, மிளகு ஆகிய எல்லா நாற்றுக்கும் பொருந்தும்.

1. நாற்று வாங்கும் பட்டியலில் வழக்குப் பெயரோடு சாஸ்திரப் பெயரையும் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

2. கூடை வந்திறங்கியதும் பங்கிட்டுக்கொள்ளலாகாது. இருவர் சேர்ந்து இலை, தண்டு, அடிப்புறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒட்டிய இலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

3. புது நாற்றுகளைத் தோட்டத்துக்கு வெளியே தனியிடத்தில் ஒரு மாதமாவது வைத்திருந்து, குற்றமில்லை என்று கண்டபின் நட வேண்டும். அம்மை கண்ட வீட்டாரோடு நெருங்காமல் ஒதுங்கியிருந்த நம் முன்னோரின் விவேகம் செடிக்கும் வேண்டும்.

4. ஒரு தோட்டத்தில் உபயோகித்த கத்தரிக்கோலை அடுத்த தோட்டத்திற்கு எடுத்துச் செல்லுமுன் கழுவி, சாராயச் சத்தில் துடைக்க வேண்டும்.

5. நோய் கண்ட செடியையும் உதிர்ந்த இலையையும் எருக்குழியில் போடாமல் எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். புழுக்கள் சிலவாயின் கையால் பொறுக்கி அழிக்கலாம். மிகுந்தால், பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்து இளம்புழுக்களுக்கு நன்றாக வேலை செய்யும்.

6. யார் தோட்டத்தில் பூச்சி கண்டாலும் அதை மறைக்காமல் அன்றே காரியதரிசிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பவரை யாரும் இகழக்கூடாது. எல்லா யோசனைகளிலும் இதுவே முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். நான் காமினிச் செடிகளைப் பிடுங்கியபோது, வெட்கத்தினால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் காரணத்தைச் சொல்லவில்லை. அவரும் அதே பண்ணையில் இருபது செடிகள் வாங்கியிருந்தார் என்பது ஆறு மாதம் கழித்தே எனக்குத் தெரிந்தது. அவர் தோட்டத்திலும் ஆரஞ்சு மரங்கள் உண்டு. அந்த ஆறு மாத மௌனமே இதில் நான் செய்த பெரிய பிழை. பூச்சிக்கு வேலி தெரியாது; ஆகையால் ஒருவர் மட்டும் ஜாக்கிரதையாக இருந்து தோட்டத்தைக் காப்பது இயலாத காரியம்.

இப்போது என் தோட்டத்து முகப்பில் நொச்சி வேலி நிற்கிறது. உயரமான மலையூரிலிருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு இரண்டு உண்மையான பாக்ஸ் நாற்றுகள் தந்தார். ஒரு மாதம் தனியே வைத்திருந்து, நான்கு கேள்விகளில் மூன்றைக் கேட்டு, தொட்டியில் நட்டிருக்கிறேன். இவ்வளவு தாழ்ந்த மலையில் அவை எத்தனை காலம் நிற்குமோ, பார்க்கலாம். அவற்றில் ஒன்றை இங்கே மேஜைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு காமினிக் கிளையும், ஒரு கறிவேப்பிலைக் கொத்தும் இருக்கின்றன. காமினிக் கிளையைத் துளிர் களைந்து, பூச்சியில்லை என்று பார்த்தே கொண்டுவந்தேன். கூட்டம் கலையுமுன் ஒவ்வொருவரும் வந்து, மூன்றையும் கையில் எடுத்து, தண்டை உருட்டி, மொட்டைத் தேடிப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். அவர்கள் கண் நம்முடையதைவிடக் கூரியது. பார்த்தபின் கையைக் கழுவிக்கொண்டு வீடு செல்லுங்கள்.